கப்பல் அண்ணாச்சியின் முகக்கண்ணாடி

தூத்துக்குடியில் மீன் விற்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கடைக்கு வந்தவரிடம் "உமக்கு மீன் கிடையாது, போயிட்டு வாரும்" என்று சொல்லி அனுப்பிய ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் விற்றது குழம்பு வைக்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். மட்டக்கடைப் பக்கம் ஒரு சந்தில் கடை. வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் கப்பல் அண்ணாச்சி. சொந்தப் பெயர் என்னவென்று கேட்க எனக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை. கேட்டிருந்தாலும், "பேர வச்சு என்ன கொழம்பா வைக்கப் போற" என்றிருப்பார்.

கடைக்குள் கால் வைத்ததும் விசாரணை தொடங்கிவிடும். முதல் கேள்வி, வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே என்னென்ன கிடக்கிறது என்பது. இரண்டாவது, "ஆத்துத் தண்ணியா, போர்த் தண்ணியா?" எங்கள் ஊரில் குழாயில் வருவது தாமிரபரணி, தரைக்குள்ளிருந்து வருவது பாதி உப்பு. போர்த் தண்ணி என்று சொன்னால் பாதிக் கடைக்குத் திரை விழுந்துவிடும். மோலி, கப்பி என்று கொஞ்சம் உப்பைத் தாங்குகிற மீன்கள் இருக்கும் பக்கம் மட்டும்தான் நிற்க விடுவார். மூன்றாவது கேள்வியில்தான் எல்லோரும் முழிப்பார்கள்.

"ஒங்க வீட்டுல இருக்கது எப்படிச் சாப்பிடும்?"

"வாயாலதான் அண்ணாச்சி" என்று ஒரு பையன் சொல்லிவிட்டு வெறும் கையோடு திரும்பியது எனக்குத் தெரியும்.

அவர் கணக்கு வேறு. "எல்லாரும் எது எதைக் கடிக்கும்னுதான் கேக்காவ. கடிக்கது கண்ணுக்குத் தெரிஞ்சு போவும்லா. ஒண்ணு திங்கிற வேகத்துல இன்னொண்ணு பட்டினி கெடக்கும் பாரு, அது தெரியாது. தொட்டி நெறையத் தீனி கெடக்கும். ஒரு மீனு மட்டும் மெலிஞ்சுக்கிட்டே வரும். கடைசில சீக்கு மீனத் தந்து ஏமாத்திட்டான்னு இங்கன வந்து நிப்பாவ" என்பார்.

தேவதை மீனையும், மின்னல் கீற்றுப் போல் நீலக்கோடு ஓடும் சின்ன நியான் மீன்களையும் ஒரே பையில் கேட்டு ஒரு வங்கி அதிகாரி வந்திருந்தார். இரண்டும் சாதுவான மீன்கள்தானே என்பது அவர் கட்சி. "இப்ப சாதுதான். அந்தப் பெரியவன் இன்னும் வளருவான் சார். வாய் பெருசாயிட்டா முன்னால நீஞ்சுறது கூட்டாளியா தீனியான்னு அவனுக்குத் தெரியாது" என்று சொல்லி, தேவதை மீனை மட்டும் கட்டிக் கொடுத்து அனுப்பினார். தொட்டியின் அடியில் மேய்கிற மீன்களை "அழுக்குத் திங்கிற மீன்" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு நேரம் சரியில்லை. "மேல உள்ளவன் தின்னுட்டுப் போட்ட எச்சில வச்சே அது காலத்த ஓட்டணுமோ? ஒன்னய அப்படி இருக்கச் சொன்னா இருப்பியா?" அடியில் மேய்கிறவற்றுக்குத் தனியாக மூழ்குகிற தீனியும் சேர்த்து வாங்கினால்தான் மீன் கைக்கு வரும்.

கடையில் அவர் உட்கார்ந்திருக்கும் கோலம் விசித்திரமாக இருக்கும். தொட்டிகளுக்கு முதுகு காட்டி, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிர்ச் சுவரில், கப்பலில் சவரம் செய்ய வைத்திருந்த ஒரு வட்ட முகக்கண்ணாடி. திருட்டைப் பிடிக்க வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். விஷயம் அதுவல்ல. புதிதாக வந்த மீன் ஆள் முகம் தெரிந்தால் சாப்பிடாது. அதனால் தீனியைப் போட்டுவிட்டு, எனக்கென்ன என்று திரும்பி உட்கார்ந்துகொண்டு, எது சாப்பிடவில்லை என்பதை அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். பேப்பர் சும்மா. சில நாள் முந்தைய நாள் பேப்பராகவும் இருக்கும்.

இந்தப் பழக்கம் கப்பலில் வந்தது. கப்பலின் சமையலறையை அவர் குசினி என்றுதான் சொல்வார். "சமைக்கது பெரிய வேலை இல்ல. குசினிக்குத் திரும்பி வார தட்டப் பாக்கணும். எவன் தட்டு நெறஞ்சு வருதோ அவனுக்கு என்னமோ கோளாறு. வீட்டுலருந்து சேதி வந்திருக்கும், இல்லன்னா மேலதிகாரி ஏசியிருப்பான். நம்ம போயி ஏம்ல சாப்பிடலன்னு கேட்டோம்னா செத்தாலும் சொல்ல மாட்டான்."

ஊரில் உள்ள மீன்களுக்கெல்லாம் பொருத்தம் பார்த்த மனிதர், கடைக்கு மேலே இருந்த அறையில் ஒற்றையாகத்தான் இருந்தார். ஒருதரம் யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள், "எல்லாத்துக்கும் சோடி சேக்கிய, ஒங்களுக்கு ஒண்ணும் அமையலியே அண்ணாச்சி?" என்று. "என் தொட்டி சின்னதுலே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். அவர் சாப்பிட்டு அந்தச் சந்தில் ஒருவரும் பார்த்ததில்லை. டீக்கடையில்கூடக் கிளாஸை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இவ்வளவு பேருடைய பசியைக் கவனிக்கிறவர் தன் பசியை ஏன் இப்படி ஒளித்து வைக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருக்கும்.

நான் அந்தக் கடைக்குப் போனது ஜெனிக்காக. ஜெனி என் கணவரின் மகள். அவளைப் பெற்றவள் காய்ச்சலில் இறந்துபோன பிறகு அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாகப் போனவள் நான். அப்போது அவள் நாலாம் வகுப்பு. என்னோடு சண்டை போட்டதில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், நானாகத் திரும்பிப் பார்க்கும்வரை. சாப்பாடுதான் அவளுக்கு இறங்கவில்லை. சோற்றில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். நானும் விதவிதமாகச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாத்தான்குளத்தில் அவளுடைய பெரியம்மா இருந்தாள், இறந்துபோனவளின் அக்கா. வருகிறபோதெல்லாம் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். பரீட்சைக்கு முன்னால் வந்தபோது என் கணவரிடம் முடிவாகவே சொல்லிவிட்டாள். "பள்ளிக்கூடம் அடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிருதேன் தம்பி. அங்கன எங்க ஊருப் பள்ளிக்கூடத்துலயே சேத்துக்கிடுதேன். பிள்ளை வத்திப் போயிக் கெடக்கு. என் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும்லா."

கெட்ட மனசோடு சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள். என் கணவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நான் வந்ததால் பிள்ளை வீட்டை விட்டுப் போனது என்று ஆகிவிடுமே என்று எனக்கு ஒரு பயம். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. பேசாமல் பக்கத்தில் வந்து நிற்கிற அந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. அவள் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் துறைமுகக் குடியிருப்பைக் காலி செய்துபோன ஒரு நண்பர் தன் பெரிய மீன்தொட்டியை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மீன் வாங்க மூன்று பேருமாகக் கப்பல் அண்ணாச்சி கடைக்குப் போனோம். ஜெனி ஒரு தொட்டி முன்னால் நின்று விரலை நீட்டினாள். கறுப்புத் தங்கமீன். கண்கள் இரண்டும் பொத்தான் போல வெளியே துருத்திக்கொண்டிருந்தன. வாலும் துடுப்பும் கிழிந்த சேலை போலத் தொங்க, மெதுவாக அசைந்து அசைந்து நீந்தியது. அவளாக ஒன்றை வேண்டுமென்று காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கணவருக்கோ சுறுசுறுப்பாக ஓடுகிற, புலிக்கோடு போட்ட பார்ப் மீன்கள் பிடித்துவிட்டன.

"ரெண்டுல ஒண்ணு எடுங்க" என்றார் அண்ணாச்சி. "இவனுவ ஓடுத பயலுவ. அவ கண்ணு சரியாத் தெரியாம நிதானமாத் திங்கிறவ. அவ வாலு தொங்குததப் பாத்தா இவனுவளுக்கு வாய் சும்மா இருக்காது."

"அண்ணாச்சி, நான் திரேஸ்புரத்துக்காரன். எங்க அப்பாவுக்கு வள்ளம் இருந்துச்சு. மீனப் பத்தி எனக்கா சொல்லுதிய?"

"ஒமக்குத் தெரிஞ்சதெல்லாம் செத்த மீனு."

கறுப்பு மட்டும் வீட்டுக்கு வந்தது. ஆனால் கடலோரத்து ஆளை அத்தனை சுலபமாக அடக்கிவிட முடியுமா? மீன் என்றால் சங்கும் சிப்பியும் இல்லாமல் எப்படி என்று என் கணவர் ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்தார். இடித்துப்போட்ட பழைய வீட்டுச் சுவரிலிருந்த பவளக்கல் துண்டுகள் வேறு. அந்தக் காலத்தில் இங்கே அதில்தானே வீடு கட்டினார்கள். எல்லாவற்றையும் தொட்டிக்குள் அடுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு கடையிலிருந்து பார்ப் மீன்களும் வந்து சேர்ந்தன.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது ஜெனி தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கறுப்பின் வால் பிய்ந்து நார்நாராகிவிட்டது. ஒரு கண்ணில் வெள்ளை படிந்திருந்தது. நான் திரும்பிப் பார்க்கக் காத்திராமல் அவளாகவே பேசினாள்.

"அது சாப்பிடவே இல்ல."

தூக்குவாளியில் மீனை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். நல்ல திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அண்ணாச்சியோ கல்லுப்பை அளவாகக் கரைத்த வாளியில் அதை விட்டு, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தொட்டிக்குள்ளிருந்து ஒரு சங்கை எடுத்துப் பார்த்தார்.

"கடலையே அள்ளிட்டு வந்துட்டியளே. கண்ணு துருத்தின மீனுக்குச் சங்குலயும் கல்லுலயும் இடிச்சா என்ன ஆவும்? இந்த ஊருல மட்டும்தான்யா இந்தக் கூத்து நடக்கும்."

வள்ளக்காரர் மகன் சட்டைக் கையை மடித்துவிட்டு, சங்குகளையும் கற்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். பார்ப் மீன்களை அண்ணாச்சி தன் கடைக்கே கொண்டுபோய்விட்டார். கண் தெளிந்த கறுப்பு வீடு திரும்பியபோது அதற்குத் துணையாக, தலையில் குல்லாய் வைத்ததுபோல் சதை வளர்ந்த ஒரு வெள்ளைத் தங்கமீனையும் தந்தார். ஒரே இனம், நிதானமான ஆள், நன்றாகச் சேரும் என்றார்.

அடுத்த ஞாயிறு பார்க்க வந்தார். ஜெனியைத் தீனி போடச் சொல்லிவிட்டு, எங்கள் கூடத்து பீரோக் கண்ணாடியைப் பார்த்து, தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். குல்லாய்க்காரன் வாயைப் பெருக்குமாறு போல வைத்துக்கொண்டு மொத்தத்தையும் வழித்துக்கொண்டிருந்தான். கறுப்பு மூலையில் நின்றது.

"தப்பு" என்றார் அண்ணாச்சி. "நான் சொன்னது தப்பு. இனம் சேருதுன்னு நெனச்சேன், இவன் வயிறப் பாக்கல. வேற ஆளு பாத்துத் தாரேன். அதுவர ரெண்டு மூலையிலயும் போடுங்க. இவனுக்கு அங்கன போட்டுட்டு, இவன் அங்கன ஓடுன பெறவு இவளுக்கு இங்கன."

சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சீலா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிடாமல் போகக்கூடாது என்று என் கணவர் வழியை மறித்துக்கொண்டார். அண்ணாச்சி மூன்று தடவை மறுத்தார். பிறகு, போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், தட்டை வாங்கிக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி மீன்தொட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்கிடாதீய. இத்தன வருசமும் அடுத்தவன் சாப்பிடுததையே பாத்தவன். என்னைய யாரும் பாத்தா எனக்கு எறங்காது."

நாங்கள் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். ஜெனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தொட்டியின் மறுமூலையில் தரையில் சம்மணம் போட்டு, அவளும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். என் கணவர் வாயைத் திறக்கப் போனார். மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

பிள்ளைகளிடம் கொஞ்சிப் பேசுகிற வழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது. அவர் சாப்பிட்டார், அவள் சாப்பிட்டாள், மீன்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஜெனியின் தட்டு காலியாக அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்தது. அதைக் கழுவாமல் கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவர் செய்தது பிள்ளைக்காகவா, தன் கூச்சத்துக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "பிள்ளைக்கு ரெண்டு பேரும் காவல் நிக்கிய. நாலு கண்ணு வாயவே பாத்துக்கிட்டிருந்தா எப்படி எறங்கும்? போட்டுட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிடணும்."

"அந்தக் கறுப்பு மீன் மாதிரிதான் அவளும், இல்லியா அண்ணாச்சி?"

"ஏளா, பிள்ளைய மீனாக்காத. மீனுக்குப் பிடிக்கலன்னா சொல்ல வாயி கெடையாது. அவளுக்கு இருக்கு. சொல்லுவா, பொறு."

பொறுத்தேன். அவள் தட்டில் சோற்றைக் குவிப்பதை விட்டேன். தினமும் அவள் தொட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சாப்பிட்டாள், நான் பீரோக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். குல்லாய்க்காரன் போய், கறுப்பைப் போலவே கண் துருத்திய ஒரு ஆரஞ்சு நிறத்துக்காரி வந்தாள். அவளும் கறுப்பும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு, தீனியைத் தேடித்தேடி மெதுவாகத் தின்றார்கள்.

பள்ளிக்கூடம் அடைத்ததும், சொன்னபடியே பெரியம்மா துணி அடுக்க ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பெரியம்மா தன் கையால் ஜெனிக்குச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், நடுமுள்ளை எடுத்துவிட்டு மீனை வைத்தாள், வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். ஜெனி சோற்றில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "பாத்தியளா தம்பி? உங்ககூட ஒண்ணா உக்காந்து சாப்பிடக்கூடப் பிள்ளைக்கு மனசில்ல. ஒதுங்கிப் போயி மூலையில உக்காந்திருக்கா. இதுக்கு மேல என்ன பாக்கணும் நான்?"

எங்கள் வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம், பார்க்கிறவர் கண்ணுக்கு இப்படியும் தெரியும் என்று நான் யோசித்திருக்கவில்லை. பெரியம்மா எழுந்து ஜெனியிடம் போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க. அவளப் பாக்காதீய."

"என் தங்கச்சி பிள்ளைய நான் பாக்கக்கூடாதா?"

"பாக்கலாம்க்கா. அந்தா, பீரோக் கண்ணாடியில பாருங்க."

ஏதோ சொல்ல வந்தவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் ஜெனி பக்கவாட்டில் தெரிந்தாள். ஒரு கை தட்டில் இருந்தது, கண் தொட்டியில் இருந்தது. ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய். பெரியம்மா எடுத்துவைத்த மீனும் போனது. மேசையில் மூன்று பேரும் எங்கள் தட்டுகளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஜெனி திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள்.

"சித்தி, இன்னும் கொஞ்சம் சோறு."

அந்த வீட்டில் சித்தி என்று கூப்பிட என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் எனக்கு எழுந்திருக்க வரவில்லை. பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோற்றுப் பானையை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஒன்னயத்தான் கூப்பிடுதா. போ."

துணி அடுக்கக் கொண்டு வந்த பையில் கருவாடு வாங்கிப் போட்டுக்கொண்டு அவள் மாலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினாள்.

ஜெனி இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் மேசையில்தான் சாப்பிடுகிறாள், ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு. அண்ணாச்சியின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவர் கடையை மூடியபோது, மீதியிருந்த மீன்களை வாங்க வந்தவர்களிடமும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுத்தான் கொடுத்தார். பிறகு ஆலந்தலையில் தங்கை வீட்டில் இருந்தார். அங்கேயே இறந்துபோனார். நான் அவருக்கு நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்லப் போனேன், ஒருநாள்.

பெரியம்மா ஊருக்குப் போன மறுநாள் அது. அண்ணாச்சி வழக்கம்போலத் தொட்டிகளுக்கு முதுகைக் காட்டி, பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் பின்னால் நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். பையோடு வந்தது, கண்ணாடியில் பார்த்தது, சோறு கேட்டது, என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது. அவர் திரும்பவில்லை.

"தட்டு?" என்றார்.

"காலி அண்ணாச்சி. ரெண்டாவது தடவ போட்டதும் காலி."

பேப்பர் மட்டும் லேசாக ஆடியது. எதிர்ச் சுவரின் வட்டக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் சட்டென்று தொட்டிகள் பக்கம் திரும்பி, மீன்களைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன்.